டிரைவால் சுவரில் பாரமான பொருள்களை மாட்டுதல்

ஊரில் கல் சுவரில் ஆணி அடித்துப் பழகிய கை, கனடாவில் வாங்கிய வீட்டிலும் நினைத்த இடத்தில் அடித்துப் பார்க்கும். சுவாமிப் படம் ஒன்று சிறியதாக இருந்தால் அது நிற்கவும் செய்யும். பித்தளை விளக்குகளையும் படங்களையும் ஏற்றிய சுவாமித் தட்டு, ஆளுயர நிலைக்கண்ணாடி, தொலைக்காட்சி போன்றவை அப்படி நிற்பதில்லை. டிரைவால் என்பது இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சம் நிரப்பிய பலகை. வீட்டுச் சுவர்களில் அதன் தடிப்பு பெரும்பாலும் அரை அங்குலமே. அதைத் தாங்கி நிற்பவை, உள்ளே நெடுக்காக நிறுத்தப்பட்டிருக்கும் ஸ்டட் எனப்படும் மரச் சட்டங்கள். பாரமான எதையும் அந்தச் சட்டத்தில்தான் பூட்ட வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் சட்டம் கிடைக்காதபோது தேடவேண்டியவை.

ஸ்டட்கள் வழக்கமாக ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 16 அங்குல இடைவெளியில் நிற்கும். சில சுவர்களில் இது 24 அங்குலம். அளவு நாடாவில் ஒவ்வொரு 16 அங்குலத்திலும் தனி அடையாளம் இட்டிருப்பது இதற்காகத்தான். ஸ்டட் தேடும் கருவி இருந்தால் நல்லது; ஆனால் நான் அதைவிட அதிகம் நம்புவது, பலகையைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறிய காந்தத்தை. அது ஒரே நேர்கோட்டில் மேலும் கீழும் இரண்டு மூன்று இடங்களில் ஒட்டினால் அங்கே ஸ்டட் இருக்கிறது. ஸ்டட்டின் அகலம் ஒன்றரை அங்குலம்தான் என்பதால், மெல்லிய ஆணியால் இரு ஓரங்களையும் குத்திப் பார்த்து நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துளைகளைத் தட்டு மறைத்துவிடும்.

சுவிட்சுக்கும் பிளக் பொயிண்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும். குளியலறையோடு ஒட்டிய சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கலாம். வயர் ஸ்டட்டை ஊடுருவும் இடத்தில், அது ஸ்டட்டின் முகத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைவான ஆழத்தில் இருந்தால், இரும்புத் தகடு ஒன்றை அடித்திருப்பார்கள். ஆகவே மர ஸ்டட்டில் துளையிடும்போது இரும்பு தட்டுப்பட்டால், பெரிய அலகை மாட்டி அழுத்தாமல், துளையைக் கைவிட்டு இடத்தை மாற்ற வேண்டும்.

தட்டின் தாங்கிகள் ஸ்டட்டுகளுக்கு நேராக அமைவது அபூர்வம். முக்கால் அங்குல பிளைவூட் பட்டை ஒன்றை இரண்டு அல்லது மூன்று ஸ்டட்டுகளுக்குக் குறுக்கே பூட்டி, சுவர் நிறத்தையே அதற்கும் பூசிவிட்டால், பட்டையின் எந்த இடத்திலும் தாங்கியை வைக்கலாம். பட்டைக்கு இரண்டரை அங்குலத் திருகாணி பொருத்தமானது. பட்டையையும் பலகையையும் கடந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் மரத்துக்குள் இறங்கும். டிரைவால் பலகையை ஸ்டட்டில் பூட்டுவதற்கென்று விற்கப்படும் கறுப்புத் திருகாணியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது எளிதில் முறிந்துவிடும். முதலில் திருகாணியைவிட மெல்லிய துளை இட்டுக்கொண்டால் மரம் பிளக்காது.

எவ்வளவு கிலோ என்பதைவிட, அந்தப் பாரம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே நிற்கிறது என்பதே முக்கியம். சுவரோடு ஒட்டித் தொங்கும் கண்ணாடி பெரும்பாலும் கீழ்நோக்கியே இழுக்கும். 20 கிலோ தொலைக்காட்சியை 20 அங்குலம் வெளியே நீட்டும் கைத்தாங்கியில் மாட்டினால், சுவரில் பூட்டிய அதன் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து 8 அங்குல உயரத்தில் உள்ள மேல் திருகாணிகள் சுமார் 50 கிலோ விசையில் சுவரிலிருந்து பிடுங்கப்படும். பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பி இத்தகைய தாங்கியை வெறும் டிரைவாலில் பூட்டுவது ஆபத்தானது.

ஸ்டட் அறவே கிடைக்காத இடத்தில், சுவரோடு ஒட்டித் தொங்கும் பொருளுக்கு மட்டும், பலகைக்குப் பின்னால் சிறகு விரித்துப் பிடிக்கும் டொகிள் போல்ட் உதவும். திருகாணிக்காகத் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்குகள் சிறு படங்களுக்கே போதுமானவை. வெளிச்சுவரில் டொகிளுக்காகப் பெரிய துளை இடுவதைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே ஈரத்தைத் தடுக்கும் பொலிதீன் தாள் கிழிந்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஸ்டட் பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனது. அதில் மரத் திருகாணி பிடிக்காது. அந்த ஸ்டட்டையே துளைத்து டொகிளைச் செருக வேண்டும். சாதாரண சிறகு டொகிளின் போல்ட்டை முழுவதும் கழற்றினால் சிறகு சுவருக்குள்ளே விழுந்துவிடும் என்பதால், நீர்மட்டம் வைத்து அளவுகளைச் சரிபார்த்து, தாங்கியைப் போல்ட்டில் கோத்த பிறகே அதைத் துளைக்குள் விட வேண்டும்.