ஃபிளேவனாய்டும் வாசனை ஏற்பியும்: சோதனையில் வழுக்கும் இடங்கள்

"குவெர்செட்டினைச் சேர்த்தோம், செல்களில் சமிக்ஞை கூடியது, ஆகவே அது வாசனை ஏற்பியைத் தூண்டுகிறது." இந்த வாக்கியத்தில் எனக்கு உறுத்துவது 'ஆகவே' என்ற சொல். அதற்குள் பல படிகள் மறைந்து கிடக்கின்றன. குவெர்செட்டின் என்பது ஃபிளேவனாய்டுகள் எனப்படும் தாவரச் சேர்மங்களுள் ஒன்று; வாசனை ஏற்பி என்பது மணமூலக்கூறுகளை உணரும் செல் புரதம்.

மூக்கின் நரம்புச் செல்லில் மணமூலக்கூறு ஏற்பியைத் தொட்டதும் செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் ஜி-புரதம் விழிக்கிறது. அது அடினைலில் சைக்ளேஸ் நொதியை முடுக்க, சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு உண்டாகிறது. அயனி வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. உண்டான சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைப்பதற்குப் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகள் இருக்கின்றன. குவெர்செட்டினும் லூட்டியோலின் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டும் இவற்றைத் தடுக்கக்கூடியவை. சிதைவு குறைந்தால், ஏற்பியை யாரும் தொடாமலே சைக்ளிக் ஏஎம்பி தேங்கும். வடிகாலை அடைத்துவிட்டு, குழாயில் நீர் அதிகம் வருகிறது என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

எனவே ஏற்பி மரபணுவைச் செலுத்தாத செல்களிலும் அதே அளவைச் சேர்த்துப் பார்க்காமல் விடாதீர்கள். சைக்ளேஸை நேரடியாக முடுக்கும் ஃபோர்ஸ்கோலினையும் கொடுத்துப் பாருங்கள். அதன் விளைவையும் ஃபிளேவனாய்டு மாற்றினால், அது ஏற்பிக்குக் கீழே எங்கோ கை வைக்கிறது என்று பொருள்.

அடுத்த தவறு, அளக்கும் கருவியை நம்பிவிடுவது. நேர்மையாக உழைப்பவர்களையே இது ஏமாற்றுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாசனை ஏற்பிச் சோதனைகள் பலவற்றில் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் மின்மினி லூசிஃபெரேஸ் என்ற, ஒளி தரும் நொதி உருவாகும். அதன் ஒளியை அளக்கிறோம். ஆனால் ஃபிளேவனாய்டுகள் பல இந்த லூசிஃபெரேஸையே தடுக்கின்றன. அப்படியானால் ஒளி குறையத்தானே வேண்டும்? எப்போதும் அப்படி நடப்பதில்லை. தடுப்பான் ஒட்டிக்கொண்ட நொதி செல்லுக்குள் எளிதில் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகலாம். அப்போது ஒளி ஏறும். தடுப்பான் தூண்டியாக வேடமிடுகிறது! சைக்ளிக் ஏஎம்பியை வேறொரு முறையிலும் அளந்தால்தான் இந்த வேடம் கலையும்.

செல்லுக்குள் பாயும் கால்சியத்தை ஒளிர்ந்து காட்டும் சாயங்களிலும் கவனம் தேவை. ஃபியூரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டர் ஒளியால் தூண்டுகிறோம். குவெர்செட்டின் ஒளியை உறிஞ்சுவதும் 370-ஐ ஒட்டித்தான். அதன் கரைசல் கண்ணுக்கே மஞ்சளாகத் தெரியும். சோதனைத் தட்டில் செல்கள் இல்லாத ஒரு குழியில் சாயத்தையும் சேர்மத்தையும் மட்டும் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் குவெர்செட்டின் தானாக ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாவதையும், செறிவு கூடினால் அது கூழ்மத் திரளாவதையும் மறக்க வேண்டாம்.

ஃபிளேவனாய்டை ஒரு மணப்பொருளாகக் கற்பனை செய்வதும் தவறு. குவெர்செட்டின் எளிதில் ஆவியாகாது. காற்றின் வழியே மூக்கை எட்டும் பொருள் அல்ல அது. ஆனால் வாசனை ஏற்பிகள் மூக்கோடு நிற்பதில்லை. மனித விந்தணுவில் இருக்கும் ஓஆர்1டி2 ஏற்பி போர்ஜியோனல் என்ற மணப்பொருளுக்கு வினைபுரிவது 2003-இல் காட்டப்பட்டது. கரைந்த நிலையில் வரும் ஃபிளேவனாய்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இத்தகைய செல்களில்தான் இருக்கிறது. மனிதருக்குச் சுமார் 400 வாசனை ஏற்பிகள் உண்டு. ஒன்றில் கண்டதை மற்றதற்கு ஏற்றிச் சொல்ல முடியாது.

அளவும் முக்கியம். சோதனைத் தட்டில் 50 மைக்ரோமோலார் செறிவில் கொடுப்பது எளிது. உணவில் வரும் குவெர்செட்டினோ குடலிலும் கல்லீரலிலும் குளுக்குரோனைடு, சல்ஃபேட் வடிவங்களாக மாறி, பெரும்பாலும் அந்த உருவிலேயே ரத்தத்தில் சுற்றுகிறது. ரத்தம் வழியே செல்களை எட்டும் விளைவைப் பற்றிப் பேசுவதானால், அந்த வடிவங்களையே அங்கே காணப்படும் அளவில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.