ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் எந்த ஒயர், எந்த வழியில்?

முதன்முதலாக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் போர்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் நாள்கணக்கில் யோசித்து வாங்கிவிட்டு, ஒயரிங்கை மட்டும் வீட்டில் கிடக்கும் துண்டுகளைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள். ராயபுரத்தில் நான் கட்டிய முதல் பெட்டியும் அப்படித்தான் முடிந்தது. பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் ‘உம்’ என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சியது. போர்டில் பழுது எதுவும் இல்லை, ஒயர் போன வழிதான் தவறு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

எனவே சோல்டரிங் அயர்னை எடுக்கும் முன் ஒரு தாளில் பெட்டியை வரைந்து, ஒயர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 230 வோல்ட் வரும் ஒயர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கமிருந்து போர்டுக்குப் போகும் சப்ளை ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும், இன்புட் சிக்னல் ஒயர்.

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் 14/76, 23/76, 40/76 ஒயர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். முதல் எண் உள்ளே இருக்கும் இழைகளின் எண்ணிக்கை; 76 என்பது ஒவ்வோர் இழையும் 0.0076 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.19 மி.மீ. தடிமன் உடையது என்பதைக் குறிக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்கும்போது ஓடும் கரண்ட் 2.5 ஆம்பியர்தான். சப்ளைக்கும் ஸ்பீக்கருக்கும் 40/76 தாராளமாகப் போதும், 30 செ.மீ. நீளத்தில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஒயர் ஓடினாலும் அதன் தடை 0.01 ஓமைத் தொடாது. இதைவிடப் பருமனான ஒயருக்குச் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஒயர் உண்மையான செம்பாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். மேலே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. கடற்காற்று படும் நம் பக்கத்து வீடுகளில் வெறும் செம்பு சீக்கிரம் கறுத்துப் பச்சை பிடிப்பதால், இந்த வெள்ளீயம் பூசிய ஒயரையே நான் தேடி வாங்குகிறேன்.

230 வோல்ட்டுக்கு இந்த ஒயர்கள் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் (உள்ளே மூன்று தனி ஒயர் உள்ள) ஒயரைப் பயன்படுத்துங்கள். ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், முதலில் ஃபியூஸுக்கும் பிறகு ஸ்விட்சுக்கும் போகட்டும். எர்த் ஒயரை, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் தனி போல்ட் போட்டுப் பெட்டியோடு இறுக்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயருக்குப் போகும் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரை (சென்டர் டேப்) முதலில் ஃபில்டர் கபாசிட்டர்களின் கிரவுண்டில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒயராகப் போர்டுக்குக் கொண்டுபோங்கள். நொடிக்கு 100 முறை கபாசிட்டரை நிரப்பப் பாயும் கரண்ட் சிக்னல் கிரவுண்டு வழியாக ஓடினால், அது ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கும்.

அதிகக் கவனம் கேட்பது இன்புட் ஒயர்தான், ஏனென்றால் இங்கே நுழையும் சிறு இரைச்சலையும் போர்டு பாட்டோடு சேர்த்துப் பெருக்கிவிடும். ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு கோர் ஷீல்டு ஒயர் வாங்குங்கள். ஒரு கோரில் சிக்னல், மற்றொன்றில் கிரவுண்டு. மேலுறையான ஷீல்டை இன்புட் சாக்கெட் பக்கம் மட்டும் கிரவுண்டில் சோல்டர் செய்து, மறுமுனையில் வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். இந்த ஒயர் பெட்டியின் ஒரு சுவரை ஒட்டிப் போக, டிரான்ஸ்ஃபார்மர் எதிர்ச்சுவரில் இருக்கட்டும். சப்ளை ஒயரைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்தில் இணையாக ஓடக் கூடாது.

முதல் முறை சீரீஸ் பல்பு, அதாவது 230 வோல்ட் வரும் வழியில் தொடராக இணைத்த குண்டு பல்பு, வழியாகவே கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்து, கபாசிட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இன்புட்டில் எதுவும் செருகாமல் வால்யூமைக் குறைத்து ஸ்பீக்கரில் காது வையுங்கள். இரைச்சல் இருந்தால், உலர்ந்த மரக்குச்சியால் இன்புட் ஒயரை மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் அது சட்டென்று குறையும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிய பின் அங்கேயே பிளாஸ்டிக் டேக் போட்டு ஒயரைக் கட்டிவிடுங்கள்.