நடைபாலமும் மிதிவண்டிப் பாலமும்: வரைபடத்திலேயே நிகழ்ந்துவிடும் தவறுகள்

ஆற்றையோ நெடுஞ்சாலையையோ இருப்புப்பாதையையோ கடப்பதற்காக நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் கட்டப்படும் பாலத்தை வாகனப் பாலத்தின் சிறிய வடிவமாகவே பலரும் கருதுகிறார்கள். எடை குறைவு, வேகம் குறைவு, ஆகவே சிக்கலும் குறைவு என்னும் இந்தக் கணக்கிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. லாரி ஓட்டுநருக்கு ஆறு மீட்டர் ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. சக்கர நாற்காலியைத் தாமே தள்ளிக்கொண்டு வருபவருக்கு அரை மீட்டரே பெரிது. காரின் சக்கரம் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடைவெளியில் மிதிவண்டியின் மெல்லிய டயர் சிக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். இவற்றில் பல தவறுகள் இரும்பும் கான்கிரீட்டும் களத்துக்கு வருவதற்கு வெகு முன்பே, வரைபடத்தில் செய்யப்படுபவை. அங்கே அவற்றைத் திருத்த ஓர் அழிப்பான் போதும்.

எங்கே தொடங்கி எங்கே இறங்குவது

ஆறு எங்கே குறுகலாக இருக்கிறதோ அங்கே பாலத்தை வைப்பது முதல் தவறு. நீளம் குறைந்தால் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறுகலான இடத்துக்குப் போக மக்கள் இருநூறு மீட்டர் விலகிச் சுற்ற வேண்டியிருந்தால், சேமித்த பணத்தின் பயன் அதோடு முடிந்துவிடும். நடப்போரும் மிதிவண்டிக்காரர்களும் வரும் தடம் ஏற்கெனவே எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே பாலமும் ஓட வேண்டும். பாலத்தின் வாயிலில் செங்குத்தான திருப்பம் வைத்தால், இறங்கும் வேகத்தில் வரும் மிதிவண்டிக்காரர் தடுப்பில் மோதுவார், அல்லது எதிரே நடந்து வருபவர்மேல் மோதுவார். கோபன்ஹேகனில் 2016இல் திறக்கப்பட்ட உள்துறைமுகப் பாலத்தின் நடுவில், இரண்டு பாதிகளும் விலகி மூடும் இடத்தில், மிதிவண்டிப் பாதை வளைந்து செல்கிறது. அந்த வளைவை எதிர்பாராமல் நேராக வந்த சிலர் தடுப்பில் மோதி விழுந்தார்கள். மிதிவண்டிப் பண்பாட்டில் ஊறிய நகரமே அந்த ஒரு வளைவில் சறுக்கியது என்றால், புதிதாகத் தொடங்குவோர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அடுத்தது உயரம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பவர்களே மிகுதி. சாலைக்கு மேலே ஏறத்தாழ 5.2 மீட்டர் இடைவெளி விட்டு, உத்திரத்தின் ஆழத்துக்கு 0.8 மீட்டர் சேர்த்தால், நடைதளம் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் நிற்கும். இருபதுக்கு ஒன்று, அதாவது இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம், என்ற எளிய சரிவில் அந்த உயரத்தை எட்ட ஒவ்வொரு பக்கமும் 120 மீட்டர் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலிக்கு ஏற்கத்தக்க எல்லையாகப் பல நாடுகள் கொள்ளும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவிலும் 72 மீட்டர் ஆகும். ஒவ்வொரு முக்கால் மீட்டர் ஏற்றத்துக்கும் இளைப்பாற ஒரு சமதளம் சேர்த்தால் நீளம் இன்னும் கூடும். முப்பது மீட்டர் அகலச் சாலையைக் கடக்க இருநூற்று எழுபது மீட்டர் நடக்கச் சொன்னால், மக்கள் பாலத்துக்குக் கீழேயே சாலையைக் கடப்பார்கள். அதை மக்களின் ஒழுங்கீனம் என்று சொல்வது வடிவமைப்பின் குறையை அவர்கள் தலையில் சுமத்துவதாகும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உத்திரங்களை நடைதளத்துக்குக் கீழே வைக்காமல் இருபுறமும் பக்கவாட்டில் எழுப்பினால், தளத்துக்கு அடியிலான ஆழம் வெகுவாகக் குறையும். இருபதுக்கு ஒன்று சரிவில் அப்படிக் குறைக்கும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரும் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மீட்டர் சாய்தளத்தை மிச்சப்படுத்தும். சாலையைச் சற்று உயர்த்தித் தடத்தைக் கீழே கொண்டுபோக முடியுமா என்றும் முதலிலேயே கேட்க வேண்டும். மனிதருக்குத் தேவையான தலை இடைவெளி லாரியினுடையதில் ஏறத்தாழப் பாதி என்பதால் சுரங்கப்பாதையின் ஏற்ற இறக்கமும் அதற்கேற்பக் குறையும். இறங்கும்போது கிடைக்கும் வேகமே மிதிவண்டியை மறுபுறம் ஏற்றிவிடும். ஆனால் நீர் வடியாத, வெளிச்சமில்லாத, மறுமுனை கண்ணுக்குத் தெரியாத சுரங்கப்பாதை எவரும் நுழைய அஞ்சும் இடமாகிவிடும். அதைவிடப் பாலமே மேல்.

படிக்கட்டு வைத்து, ஓரத்தில் லிஃப்ட் ஒன்றைச் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் வழி கிடைத்துவிட்டது என்று எண்ணுவதும் தவறே. லிஃப்ட் பழுதாகும் நாளில் அந்தப் பாலம் சிலருக்கு இல்லாமலே போகிறது. வெனிஸ் நகரில் 2008இல் திறக்கப்பட்ட அரசியலமைப்புப் பாலம் படிகளால் ஆனது. சக்கர நாற்காலியில் வருவோருக்காக அதன் பக்கத்தில் ஒரு நகரும் கூண்டு பிற்பாடு சேர்க்கப்பட்டு, சரிவரப் பயன்படாமல் அகற்றவும்பட்டது. கோபன்ஹேகனில் மிதிவண்டிக்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய ஓர் இடத்தில், 2014இல் பாம்பு போல வளைந்து இறங்கும் நான்கு மீட்டர் அகலப் பாலம் ஒன்று வந்தது. சொல்லப்போனால் அந்தப் பாலம் முழுவதுமே ஒரு சாய்தளம்தான்.

காலுக்கும் டயருக்கும் கீழே

தடம் மூன்று மீட்டர் அகலம், ஆகவே பாலமும் மூன்று மீட்டர் என்று முடிவு செய்வது எளிது. ஆனால் கைப்பிடியை ஒட்டி எவரும் வண்டி ஓட்டுவதில்லை. இருபுறமும் அரை மீட்டர் வீணாகிவிட, மிஞ்சுவது இரண்டு மீட்டர்தான். போதாக்குறைக்கு, நீருக்கு மேலே வந்ததும் மக்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அது தடுக்க வேண்டிய செயலும் அல்ல. ஆங்காங்கே தளத்தை வெளிப்புறமாக விரித்து நிற்க இடம் தருவதே முறை. கைப்பிடித் தடுப்பு மிதிவண்டியில் அமர்ந்தவரின் எடைமையத்துக்கு மேலே, 1.2 முதல் 1.4 மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது. அதன் கம்பிகள் குழந்தைகள் ஏறும்படி கிடைமட்டமாக அமையக் கூடாது.

தளத்துக்குக் கண்ணாடி போடும் ஆசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997இல் திறக்கப்பட்ட கண்ணாடித் தள நடைபாலம் மழையில் வழுக்கியதால், பிற்பாடு அதன்மேல் விரிப்புப் போட நேர்ந்தது. மரப்பலகை போடுவதானால், பயணத் திசைக்குக் குறுக்காகவே போட வேண்டும்; நீளவாக்கில் போட்டால் ஒவ்வொரு இடுக்கும் டயருக்குப் பொறியாகும். எஃகு வெப்பத்தில் நீளும் என்பதையும் மறக்கலாகாது. நூறு மீட்டர் பாலம், நாற்பது டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த இடைவெளியை மூடும் தகடு டயருக்கும் கைத்தடிக்கும் தடையாகாமல், ஈரத்தில் வழுக்காமல் இருக்க வேண்டும்.

மனிதக் கூட்டத்தின் எடையும் நடையும்

கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது ஆபத்தான தவறு. நெருக்கமாக நிற்கும் மனிதர்களுக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை கணக்கிடுவது வழக்கம்; நான்கு மீட்டர் அகலமும் நூறு மீட்டர் நீளமும் கொண்ட பாலத்தில் அது 200 டன் ஆகும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கோல்டன் கேட் பாலத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், 1987இல், மக்கள் அதன்மேல் திரண்டபோது அதன் வில் போன்ற வளைவு தட்டையானது. வாகனங்கள் கொடுக்காத பாரத்தை அன்று கால்கள் கொடுத்தன.

எடையைவிடச் சூட்சுமமானது நடை. லண்டனில் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்ட மில்லினியம் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டே நாளில் மூடப்பட்டது. நாம் அடி வைக்கும்போது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. இடதும் வலதுமாகச் சிறிது தள்ளவும் செய்கிறோம். தளம் கொஞ்சம் அசைந்தால் விழாமலிருக்கக் கால்களை அகல வைத்து, அசைவோடு ஒத்து நடக்கிறோம். அந்த ஒத்திசைவே அசைவைப் பெருக்குகிறது. பாலத்தின் மேல் நடப்போர் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டும்வரை எதுவும் தெரியாது. தாண்டியதும் ஆட்டம் சட்டென்று வளரும். ஆட்டத்தை அடக்கும் கருவிகளான தணிப்பான்கள், 37 பாகுநிலை வகையும் ஐம்பதுக்கு மேற்பட்ட எடை வகையுமாக, பொருத்தப்பட்டு, 2002 பிப்ரவரியில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. லண்டன் பாலம் திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1999இன் இறுதியில், பாரிசின் சொல்ஃபெரினோ நடைபாலமும் இதே காரணத்தால் மூடப்பட்டிருந்தது என்பதுதான் உறுத்துகிறது. பாலத்தின் இயல்பான செங்குத்து அதிர்வு நொடிக்கு ஐந்து முறைக்குக் கீழோ, பக்கவாட்டு அதிர்வு இரண்டரை முறைக்குக் கீழோ இருந்தால், ஐரோப்பிய விதிகளின்படி அதைத் தனியே ஆராய வேண்டும். தணிப்பான் தேவைப்படாது என்று கணக்குச் சொன்னாலும், அதைப் பொருத்த இடமும் துளைகளும் முன்கூட்டியே விட்டுவைப்பது விவேகம். திறப்பு விழாவுக்கு முன், உண்மையான மனிதர்களை நடக்கவிட்டு அளந்து பார்க்க வேண்டும். விழா நாளன்று அளப்பதைவிட அது மலிவு.

வெள்ளமும் விரிசலும்

ஆற்றின் குறுக்கே கட்டும்போது இன்னொரு முரண் வரும்: இந்தப் பாலங்கள் எடை குறைந்தவை என்பதே வெள்ளத்தில் அவற்றின் பலவீனம். நீர் உத்திரத்தைத் தொட்டு, மிதந்து வரும் மரங்கள் தடுப்புக் கம்பிகளில் சிக்கினால், தாங்கிகளின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கும் பாலம் தூக்கி எறியப்படலாம். மேல்நோக்கிய இழுப்பைத் தாங்கும் போல்ட்டுகளை விட்டுவிடுவதும், தூண்களின் அடியில் நீர் மண்ணை அரித்துச் செல்வதைக் கணிக்காமல் அடித்தளத்தை மேலோட்டமாக அமைப்பதும் சேர்ந்தே நடக்கின்றன.

கட்டுமானத்தின் நடுவே தெரியும் அறிகுறிகளை ஒத்திப்போடுவது எல்லாவற்றிலும் கொடிய தவறு. மயாமியில் 2018 மார்ச் 15 அன்று, கட்டி முடிக்கப்படாத நடைபாலம் ஒன்று போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்த சாலையின்மேல் விழுந்து ஆறு பேர் இறந்தனர். உறுப்புகள் சந்திக்கும் ஒரு முனையின் வலிமையை வடிவமைப்புக் கணக்கு தவறாக மதிப்பிட்டிருந்ததாக, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அந்த இடத்தில் விரிசல்கள் முன்பே தெரிந்தன. அவற்றைப் பலர் பார்த்தனர், படம் எடுத்தனர், பேசினர். கீழே சாலையை மட்டும் எவரும் மூடவில்லை. ஆகவே, விரிசல் தெரிந்தால் யார் கையொப்பத்தில் சாலை மூடப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே பெயர் சுட்டி எழுதிவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் வடிவமைத்தவராகவும் இருக்கக் கூடாது, கட்டுபவராகவும் இருக்கக் கூடாது.