கருஞ்சீரக மரபு வகைகளை ஒப்பிடுவது எப்படி: விளைச்சலும் எண்ணெய்த் தரமும்

கடலோர ஊரான கீழக்கரையின் நாட்டுமருந்துக் கடையில் கருஞ்சீரகம் என்று கேட்டால் கிடைப்பது, எந்த வகையென்று தெரியாத கலப்பு விதையாக இருக்கலாம். ஆகவே ஒப்பீட்டுக்கு அஜ்மீர் நைஜெல்லா-1 போன்ற பெயரறிந்த ஐந்து வகைகளின் விதைகளையே வாங்க வேண்டும்.

கடலோர மணலில் ஒரே வயலுக்குள்ளேயே உப்பு ஏறி இறங்குவதால், விதைக்கும் முன் பல இடங்களில் மண்ணெடுத்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்துவிடுங்கள். பெரும்பாலும் உப்பு கடலை நோக்கிக் கூடும். அப்படியிருந்தால் கரைக்கு இணையாக நான்கு தொகுதிகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து வகைகளையும் ஒரு பாத்திக்கு ஒன்றாக, திருவுளச்சீட்டுப் போட்டு அமைக்க வேண்டும். நல்ல வகையை நல்ல மண்ணில் வைக்கத் தோன்றும் நம் மனச்சாய்வைத் தடுக்க இதைவிட எளிய வழியில்லை.

வடகிழக்குப் பருவமழை தணிந்ததும், நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் 30 செ.மீ. வரிசை இடைவெளியில் விதைக்கலாம். பாத்தி 3 மீட்டர் நீளமும் எட்டு வரிசைகளும் கொண்டிருக்கட்டும். எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீரையே பாய்ச்சுங்கள்.

அறுவடையில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். வகைகள் ஒரே நாளில் முற்றுவதில்லை. எல்லாவற்றையும் ஒருசேர அறுத்தால், முந்தி முற்றியவற்றின் காய்கள் கடற்காற்றில் வெடித்து விதை சிந்தியிருக்கும், பழி மட்டும் வகையின் மேல் விழும். காய்கள் பழுப்பேறும் நிலையில் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே அறுங்கள். ஓர வரிசைகளையும் இருமுனையிலும் அரை மீட்டரையும் விலக்கினால், எடைக்குரிய பரப்பு 3.6 சதுர மீட்டர். அதில் காய்ந்த விதை 216 கிராம் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 60 கிராம், ஹெக்டேருக்கு 600 கிலோ ஆகும். ஆயிரம் விதைகளின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சோதனைக்கு எல்லா மாதிரிகளும் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும்; பொடித்த விதை விரைவில் கெடுமாதலால், சோதனை நாளன்றே அரைக்க வேண்டும். 10 கிராம் பொடியிலிருந்து சாக்ஸ்லெட் கருவியில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பாயவிட்டு எண்ணெயைப் பிரிக்கும் ஆய்வகக் கருவி) ஹெக்சேன் என்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து, கரைப்பானை நீக்கியபின் 3.4 கிராம் எண்ணெய் நின்றால் அது 34 சதவீதம். 600 கிலோ விதைக்கு அது 204 கிலோ எண்ணெய். எண்ணெய்ச் சதவீதம் கூடுதலாக இருந்தால், விதை குறைவாகத் தரும் வகைகூட இக்கணக்கில் முந்திவிடலாம்.

தரத்துக்கு, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அமில எண், பெராக்சைடு எண் இரண்டையும் அளந்து, கொழுப்பமிலங்களை வளிம நிறப்பகுப்பில் (ஆவியாக்கிக் கூறுகளைப் பிரித்தறியும் முறை) பாருங்கள். கருஞ்சீரக எண்ணெயில் லினோலெயிக் அமிலமே மிகுதி. கருஞ்சீரகத்தின் முக்கிய மருத்துவக் கூறாகக் கருதப்படும் தைமோகுயினோன் ஆவியாகக்கூடியது, கரைப்பானை நீக்கக் காட்டும் சூட்டில் அதுவும் ஓரளவு போய்விடும் என்பதால், அதற்கெனத் தனி மாதிரி ஒதுக்குவது நல்லது.

இறுதியாக, மாறுபாட்டுப் பகுப்பாய்வு (வகைகளிடையே உள்ள வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) செய்து, இரு வகைகளின் சராசரி வேறுபாடு 5 சதவீத நிலையில் மீச்சிறு குறிப்பிடத்தக்க வேறுபாட்டை, அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாத மிகக் குறைந்த வேறுபாட்டை, தாண்டினால் மட்டுமே ஒன்று மற்றதைவிடச் சிறந்தது என்று எழுதுங்கள்.