கெட்டிக்காரப் பிள்ளை தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தால்

முதலில் பிள்ளை கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள். மார்க்கை அப்புறம் பார்க்கலாம்.

நாலாம் ஆண்டில் என்னிடம் படித்த ஒரு பையன், அம்மா பறித்த கொழுந்தின் நிறையை எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டுகளைக் கொப்பிக்குள் சேர்த்து வைத்திருந்தான். "டீச்சர், மழை நாளும் தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க, வெயில் நாளும் ரெண்டு கிலோ. வெயில்ல ஏது தண்ணி?" என்றான். தவணைப் பரீட்சையில் அவனுக்குக் கணிதத்துக்கு 58 தான். தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னதில் சலித்துப்போய்ப் பாதித் தாளை வெறுமையாக விட்டிருந்தான். தப்பு என்னுடையது.

அப்படிப்பட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கடைத் தராசை இரவல் வாங்கி, காய்ந்த கொழுந்தை ஒரு பையில் நிறுத்து, தண்ணீரில் முக்கி உதறி மறுபடி நிறுக்க விட்டேன். பத்து வயதுப் பிள்ளை வாய் திறக்காமல் ஒரு மணித்தியாலம் எழுதிக்கொண்டிருந்தான்.

பிறகு கணிதப் பாடவேளைக்கு மட்டும் அவனை ஐந்தாம் ஆண்டு வாங்கில் உட்கார வைத்தோம். ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்தில் இது சுலபம். பெற்றோரும் கேட்கலாம். வகுப்பேற்றம் வேண்டுமென்று கேட்டால் அதிபர் தயங்குவார். "கணக்குக்கு மட்டும் மேல்வகுப்புல இருக்கட்டும் சேர்" என்றால் இணங்குவார்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள்கள் போதும். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் இலவசமாக இருக்கின்றன. முதற் பத்திரத்தின் 40 கேள்விகளும் யோசிக்க வைப்பவை. மனப்பாடம் அங்கே உதவாது. வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த ஒரு காலைப் பொழுதை வைத்து அவன் மூளையை அளக்க முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் பள்ளிக்கூடத்தின் வகை. 1ஏபி என்றால் உயர்தரத்தில் (12, 13ஆம் ஆண்டுகளில்) விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 என்றால் 11ஆம் ஆண்டோடு சரி. 11ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையில் 'ஏ' எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு, வேறு வழியில்லாமல் கலைப் பிரிவுக்குப் போன கணக்குப் புலிகளை எனக்குத் தெரியும். இப்போதும் மனம் ஆறவில்லை. ஆறாம் ஆண்டுக்குச் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பையனின் அம்மா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, மூன்று பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கி, "உயர்தரத்துல கணிதம் இருக்கா?" என்று கேட்டு வந்தார். இரண்டில் இல்லை.