முதல் பைட் ரோமிலிருந்து வரட்டும்

இசட்80 என்ற எட்டு பிட் சிபியுவை வைத்துச் சொந்தமாக கணினி போர்டு கட்டுகிறவர்கள் பலரும் ப்ரோகிராமை முழுக்க எழுதிவிட்டுத்தான் ரோம் (பவர் போனாலும் அழியாத மெமரி) பக்கம் வருகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பவர் வந்ததும் ரேமில் கிடப்பது வெறும் குப்பை. ரீசெட் விலகியதும் சிபியு 0000 முகவரிக்கு (இங்கே முகவரிகளும் பைட் மதிப்புகளும் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்) போய் முதல் கட்டளையைக் கேட்கும். அங்கே ரோம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் சோதனைக்கு ரோமும் வேண்டாம், ரேமும் வேண்டாம். சிபியுவை இடையில் நிறுத்தக்கூடிய வெயிட், பஸ் ரெக்வஸ்ட், இன்டரப்ட் கால்களை (பின்களை) 5 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டு, எட்டு டேட்டா லைனையும் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இழுங்கள். சிபியு எங்கே படித்தாலும் 00, அதாவது நாப், சும்மா கடந்து போ என்ற கட்டளைதான் கிடைக்கும். 4 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஏ15 (முகவரியின் உச்ச பிட்) லைன் நொடிக்குச் சுமார் 15 முறை ஏறி இறங்கும். எல்இடி போட்டால் கண்ணுக்கே தெரியும். தெரிந்தால் கிளாக்கும் ரீசெட்டும் சரி.

அப்புறம் அந்த ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு 27சி256 என்ற இப்ராமை (ப்ரோகிராமை எழுதி வைக்கும் ரோம் சிப்) போடுங்கள். ஏ15, எம்ரெக் (சிபியு மெமரியை அணுகுவதைச் சொல்லும் சிக்னல்) இரண்டும் தாழ்ந்திருக்கும்போது மட்டும் ரோம் தேர்வாகட்டும். ஒரு ஆர் (OR) கேட் போதும். எம்ரெக்கை விட்டுவிட்டால், ஐஓ (வெளிச் சாதனங்கள்) படிக்கும் நேரத்திலும் ரோம் குறுக்கே பேசும். 8000 முதல் மேல்பாதி ரேமுக்கு.

ரோமின் தொடக்கத்துக்கு ஏழு பைட் போதும்: எஃப்3, 31 00 00, சி3 00 01. இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறிக்கும் சிக்னல்) அடைத்து, ஸ்டாக்கை (திரும்பும் முகவரிகளை அடுக்கி வைக்கும் இடம்) ரேமின் உச்சியில் வைத்து, 0100-க்குத் தாவுகிறது. 0038, 0066 இரண்டும் இன்டரப்டுகள் வந்து இறங்கும் இடம், அங்கே வேறெதையும் எழுதாதீர்கள்.

ஓடவில்லையா? சிபியுவின் ரைட் (மெமரியில் எழுதும் சிக்னல்) காலில் ப்ரோப் வையுங்கள். அது ஓயாமல் துடித்தால் சிபியு எஃப்எஃப் படிக்கிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். ஒன்றும் எழுதாத இப்ராம் முழுக்க எஃப்எஃப்தான். இசட்80-க்கு அது 0038-க்குப் போகும் கட்டளை, அங்கேயும் எஃப்எஃப். ஒவ்வொரு சுற்றிலும் 0039 என்ற திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் தள்ளித் தள்ளி ரேமையே நிரப்பிவிடும். சிப்பில் ப்ரோகிராம் ஏறியிருக்கிறதா, தேர்வுக் கால் உண்மையில் தாழ்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள்.

ஓடிவிட்டால் 0100-இல் முதல் வேலை, மாறிகளின் தொடக்க மதிப்புகளை எல்டிஐஆர் (பைட்டுகளை மொத்தமாக நகலெடுக்கும் கட்டளை) கொண்டு ரோமிலிருந்து ரேமுக்கு நகலெடுப்பது. மெயின் ப்ரோகிராமை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள்.