சிந்தெடிக்கா, செமியா? முதலில் கேனைத் திருப்பிப் பாருங்கள்

என் வண்டி 150 சிசி, காற்றிலேயே குளிரும் இன்ஜின், வயது 11. ஆயிலை நானேதான் மாற்றுகிறேன். இது தெரிந்துபோனதால், நண்பர்களில் யாருக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தாலும் எனக்கு போன் வந்துவிடும். "ஃபுல்லி சிந்தெடிக் ஊத்தட்டுமா, செமி போதுமா?" வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதை பிளாஸ்டிக் கவரிலிருந்தே எடுத்திருக்க மாட்டார்கள்.

அதில் சிந்தெடிக் என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது. 10டபிள்யூ-30 அல்லது 20டபிள்யூ-50 மாதிரி ஒரு கிரேடு (ஆயில் எவ்வளவு கெட்டி என்பது), ஏபிஐ தரம் (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு வைத்தது), ஜாஸோ தரம் (ஜப்பான்காரர்கள் வைத்தது) இருக்கும். இவை மூன்றும் பொருந்திய பிறகுதான் சிந்தெடிக்கா செமியா என்ற பேச்சு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காருக்கு வாங்கிய ஃபுல்லி சிந்தெடிக்கில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று பைக்கில் ஊற்றிவிட்டேன். முதல் நாள் இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடியது, எனக்கு ஒரே பெருமை. சில நாள் கழித்து ஒரு மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். சத்தம் மட்டும் எகிறியது, வண்டி இருந்த வேகத்திலேயே போனது. கிளட்ச் ஸ்லிப், அதாவது கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் வழுக்குகின்றன.

ஆயில் மட்டமானதில்லை, இடம்தான் தப்பு. பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் முங்கிக் கிடக்கின்றன. கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் சரக்கைச் சேர்க்கிறார்கள். கிளட்ச் தட்டுகளோ உராய்வை நம்பித்தான் பிடிக்கின்றன. ஜப்பானில் 1998-இல் ஜாஸோ டி903 என்ற தரம் வந்ததே இந்தத் தலைவலிக்காகத்தான். கேனின் பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஆகும். எம்பி என்றால் உராய்வு குறைவு, கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்குப் பொருந்துவது. அன்றைக்கு நான் அந்தக் கட்டம் இருக்கிறதா என்றே பார்க்கவில்லை.

சரி, இப்போது வகைக்கு வருவோம். மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்படி செய்திருப்பார்கள். அதனால் கடும் சூட்டில் ஆவியாவது குறைவு, சீக்கிரம் கெட்டிப்படாது, குளிரில் ஸ்டார்ட் செய்தாலும் சட்டென்று மேலே ஏறும். செமி இரண்டையும் கலந்தது. எவ்வளவு சிந்தெடிக் கலந்தால் செமி என்பதற்கு உலகம் முழுக்கச் செல்லும் கணக்கு எதுவும் கிடையாது, கேனிலும் பெரும்பாலும் போடமாட்டார்கள். ஃபுல்லி என்ற சொல்லும் அவ்வளவு கறார் இல்லை. கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து நன்றாகப் பக்குவப்படுத்திய எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகள் மோதிக்கொண்டன. 1999-இல், விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு விற்கலாம் என்றது. முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், யாருக்கு எது? நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் கொதிக்கிறதா, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுகிறீர்களா, ஆர்பிஎம்மை உச்சத்திலேயே வைத்திருக்கும் வண்டியா? ஃபுல்லி சிந்தெடிக்குக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி ஆயில் நீர்த்துப்போகும், கியர் விழுவது கரடுமுரடாகும். நல்ல சிந்தெடிக்கில் இது வரக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கிறது என்பது என் காலுக்கே தெரிகிறது.

நாலு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவர் கதை வேறு. இன்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு உயர்ந்த சிந்தெடிக்காலும் இதைத் துரத்த முடியாது, வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுவதுதான் வழி. இப்படிப்பட்டவருக்கு நான் செமியைத்தான் சொல்வேன். ஆனால் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று தள்ளிப்போடாமல், புத்தகத்தில் போட்ட மாதக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். சிந்தெடிக் ஊற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் இரண்டு மடங்கு தூரம் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரண்டி இருக்கும் வண்டியில் அந்த வேலையே வேண்டாம்.

பழைய வண்டியில் சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்பார்கள். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் நன்றாக இருந்தால் ஒழுகாது. ஏற்கனவே வெடித்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், அது கரைந்ததும் கசிவு வெளியே தெரியும், அவ்வளவுதான். வழியில் அளவு குறைந்துவிட்டால், அதே கிரேடு, அதே ஜாஸோ என்றால் செமியின் மேல் சிந்தெடிக்கை டாப்-அப் செய்யலாம். கலந்தால் தயிராகத் திரிந்துவிடும் என்பது கட்டுக்கதை. நிறம் கறுத்தால் கெட்டுப்போச்சு என்பதும் அப்படித்தான், அழுக்கைச் சுமந்தால் கறுக்கத்தானே செய்யும்.

மாற்றும்போது இரண்டு விஷயம். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், பலத்தைக் காட்டி முறுக்காதீர்கள். அலுமினிய மரை போனால் ஆயிலைவிடச் செலவு பெரிசு. அளவு பார்க்கும்போது சைடு ஸ்டாண்ட் கூடாது. சமதரையில் நிமிர்த்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அதே அளவு நேரம் பொறுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விடுங்கள். மரையில் திருக வேண்டுமா, சும்மா வைக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். என் வண்டியில் சும்மா வைக்க வேண்டும். இது தெரியாமல் ரொம்ப நாள் திருகியே பார்த்து, ஆயில் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வண்டியில் இருப்பது செமி, 20டபிள்யூ-50, எம்ஏ2. நீளமான பயணம் ஒன்று வருகிறது, அதற்கு முந்தைய வாரம் அதே கிரேடில் ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றப்போகிறேன். ஊற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சீட்டுக்கு அடியில் ஒட்டிய டேப்பில் எழுதிவைப்பது வழக்கம். பால்பாயின்ட் பேனா அதில் அழிந்துவிடுகிறது, மார்க்கர்தான் நிற்கிறது.